மதிலுக்கு மேலே இருந்த கூடு

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் வீடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஜெனூபா டீச்சர் சமைக்கும் குசினிக்கும் பக்கத்து வீட்டு முற்றத்துக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும்தான். அந்த மதிலுக்கு நேர் மேலே, குசினிக் கூரையின் தாவாரத்தில், ஒரு குளவிக்கூடு தொங்கியது. காய்ந்த பலகையைச் சுரண்டி, சவைத்து, எச்சிலில் குழைத்துக் கட்டிய சாம்பல் நிறக் கூடு. மூடி ஒன்றும் கிடையாது. அறைகள் எல்லாம் வாயைத் திறந்தபடி கீழே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜெனூபா ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். ஒரு தவணை விடுமுறையில் சும்மா பார்க்கத் தொடங்கியது அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. விடியற்காலைக் குளிரில் குளவிகள் விறைத்துக் கிடக்கும் நேரம் ஏணியில் ஏறி, ஈர்க்கு நுனியில் நகப்பூச்சைத் தொட்டு ஒவ்வொன்றின் முதுகிலும் புள்ளி வைத்தாள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை. அதற்குப் பிறகுதான் எது எதுவென்று தெரிய வந்தது. கூட்டிலேயே ஆகச் சாதுவாக ஒரு மூலையில் கிடந்ததுதான் ராணி என்று பிடிபடவே நெடுநாள் எடுத்தது. அந்த ராணி ஒருநாள் காணாமல் போனபோது, வேலை செய்துகொண்டிருந்த ஒன்று திடீரென்று வெறி பிடித்ததுபோல மற்றவற்றைக் கடித்துத் துரத்தியது. ஒன்றாவது எதிர்க்கவில்லை. சில நாளில் அதன் வெறி அடங்கி, முட்டையிட்டு, அதுவும் பழைய ராணியைப்போலச் சாதுவாகிவிட்டது. இதைக் கண்ட அன்று ஜெனூபா சோறு ஆக்க மறந்துபோனாள். அவளுடைய கணவர் ஜவுபர் பிரதேச செயலகத்திலிருந்து பசியோடு வந்து, கடையில் கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

பக்கத்து வீட்டில் றுஸ்தாவும் அவளுடைய கணவன் றம்ஸீனும் இருந்தார்கள். றம்ஸீன் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். தோணி கரை சேர்ந்ததும் அவன் குரல் எடுத்தானென்றால் பெரிய வீதிவரை கேட்கும். றுஸ்தா ஜெனூபாவைவிட இளையவள். ஊர் வழக்கப்படி அக்கா முறை வைத்து, தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒருநாள் உடுப்புக் காயப்போட வந்த றுஸ்தா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று மேலே பார்த்தாள்.

"தாத்தா, இந்தக் கூட்ட ஒருக்கா கொளுத்தி உடுவமா? இவருக்குச் சின்னதில குளவி குத்தி மூஞ்செல்லாம் வீங்கி, மூச்சும் எடுக்க ஏலாமப் போனதாம். மாமி சொல்லுவாங்க."

"அது பெரிய கருங்குளவியா இரிக்கும் புள்ள," என்றாள் ஜெனூபா. "இது நாம தொந்தரவு செய்யாட்டி ஒண்டும் செய்யாது. நான் மூஞ்ச கிட்டக் கொண்டு போய்ப் பாக்கன், என்னக் குத்தினதா?"

"நீங்க படிச்ச ஆள், உங்களுக்குத் தெரியும்தானே," என்று சொல்லிவிட்டு றுஸ்தா போய்விட்டாள். அவள் நம்பிக்கையோடுதான் சொன்னாள்.

அந்த வாரச் சனிக்கிழமை முற்பகல், பள்ளிக்கூடம் இல்லாததால் ஜெனூபா வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கூட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் பருமனில், வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டையோடு ஒரு கருங்குளவி வந்து கூட்டின் விளிம்பில் இறங்கியது. கூட்டுக்குச் சொந்தக்காரிகளின் கூட்டம் ஒரு கணம் சிறகை விரித்து நின்றது. பிறகு எல்லாம் ஒன்றாகக் கூட்டை விட்டு இறங்கிவிட்டன. வந்த குளவி அவசரமில்லாமல் அறை அறையாகத் தலையை விட்டுக் குஞ்சுப் புழுக்களை இழுத்துச் சப்பியது. இப்படி நடக்குமென்று அவள் வாசித்திருக்கிறாள், கண்டதில்லை. உள்ளே ஓடிப் போய்க் கைபேசியை எடுத்து வந்து படம் பிடிக்கத் தொடங்கினாள். கூட்டை விட்ட குளவிகள் சுவரில் குந்தின, மதிலில் குந்தின. சில மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கின. அவை எங்கே போகின்றன என்று அவள் பார்க்கவில்லை. கைபேசித் திரையில் கூடு மட்டும்தான் இருந்தது.

றுஸ்தா அலறியது கேட்டுத்தான் கையை இறக்கினாள்.

றம்ஸீன் முற்றத்துச் சீமெந்தில் கிடந்தான். கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து உடம்பில் போட்டவன், கழுத்தில் குத்தியதும் கழற்றி எறிந்திருக்கிறான். நாலு எட்டு வைப்பதற்குள் விழுந்துவிட்டானாம். உதடு தடித்து, நெஞ்செல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, மூச்சு விசில்போலப் போனது. றுஸ்தா அவனைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தாள்.

"உட்கார வைக்காதீங்க! கிடக்கட்டும். கால உசத்திப் பிடிங்க," என்று கத்திக்கொண்டே ஜெனூபா வீதிக்கு ஓடி, போன ஓட்டோவை மறித்தாள். கல்முனை ஆசுப்பத்திரி வாசலில் தாதியைக் கண்டதும் மூச்சு விடாமல் சொன்னாள்: "குளவி குத்தின. ஒவ்வாமை. சின்னதிலயும் வந்திரிக்கி." உடனே ஊசி போட்டார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு போனார்கள்.

வீடு திறந்தபடி கிடக்கிறது, பூட்டிவிட்டு வாருங்கள் என்று றுஸ்தா அழுதுகொண்டே அனுப்பினாள். ஜெனூபா வந்து முற்றத்தில் கிடந்த சட்டையை எடுத்து உதறினாள். கொலரிலிருந்து நசுங்கிய குளவி ஒன்று விழுந்தது. அதன் முதுகில் மஞ்சள் புள்ளி இருந்தது.

அவள் குந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் சுட்டது. எந்தக் குளவியோ என்று சொல்லித் தப்ப இனி வழியில்லை. அவள் கையால் வைத்த புள்ளி.

பின்னேரம் ஜவுபரிடம் சொன்னாள். அவர் எழுந்து யன்னலைச் சாத்தினார்.

"அத எறிஞ்சயா?"

"எறிஞ்சன்."

"அப்ப கதைய உடு. ஒருத்தருக்கும் தெரியா. நீ சொல்லி அவன்ட மூச்சு லேசாகப் போகுதா? நாளைக்கு மதிலுக்கு மதில் மூஞ்சியில முழிக்க ஏலாமப் போகும், அவ்வளவுதான்."

"அவ எனக்கிட்டக் கேட்டவ. கொளுத்துவமா எண்டு கேட்டவ. நான்தான் வேணாமெண்டன்."

"அது அவவுக்கும் தெரியும்தானே. அவ ஒண்டும் கேக்கலயே."

உண்மைதான். றுஸ்தா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஜெனூபா ஆசுப்பத்திரிக்குப் போனபோது, அவள் நடைபாதையில் உட்கார்ந்திருந்த நீள வாங்கிலிருந்து எழுந்து வந்து கட்டிப் பிடித்தாள்.

"கொஞ்சம் பிந்தியிருந்தா மௌத்தாகியிருப்பாராம் தாத்தா. டொக்டர் சொன்னார். நீங்க இல்லாட்டி எனக்கு என்ன தெரியும்? எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். எங்கயோ கிடந்த குளவி, அந்த நேரம் பாத்து வந்து சேட்டுக்குள்ள பூந்திரிக்கி."

அவளுடைய கன்னத்து ஈரம் ஜெனூபாவின் தோளில் பட்டது. பேசாமல் இருந்துவிடலாம். இந்த அணைப்பையும் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் நாளைக்கும் மறுநாளும் இப்படித்தான் வந்து கட்டிப் பிடிப்பாள்.

"றுஸ்தா, அது எங்கயோ கிடந்த குளவி இல்ல. எங்கட கூட்டில உள்ளது. சேட்டுக்குள்ள செத்துக் கிடந்தத நான் கண்டன். அதுல நான் வச்ச அடையாளம் இருந்தது. கருங்குளவி வந்து கூட்டக் குழப்பினதால இதெல்லாம் உங்கட பக்கம் வந்திட்டு. நான் அந்த நேரம் படம் புடிச்சிக்கிட்டு இருந்தன்."

றுஸ்தா மெதுவாகக் கைகளை எடுத்தாள். ஜெனூபா இன்னும் ஏதோ சொல்லப் போனாள். "உங்களுக்கு நான் அது ஒண்டும் செய்யாதெண்டு..."

"ஓம், சொன்னீங்க." றுஸ்தாவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "தாத்தா, ராவு முழுக்க நான் என்ட மனசத் தேத்தி வச்சிருந்தன். அல்லாஹ் நாடினான், நடந்தது எண்டு. இப்ப நீங்க வந்து சொல்லிட்டீங்க. இனி நான் அவர்ர மூஞ்சப் பாக்கிற நேரமெல்லாம் உங்கட கூடுதானே வரும்?" வாங்கில் போய் உட்கார்ந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க."

ஜெனூபா கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியை வாங்கின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள். அதை அன்று பின்னேரமே யாரோ ஒரு ஓட்டோக்காரன் திறக்காமலே கொண்டு வந்து கொடுத்தான்.

தாவாரத்துக் கூடு வெறுமையாகிவிட்டது. கருங்குளவி தொடர்ந்து வந்து எஞ்சியிருந்த குஞ்சுகளையும் முடித்துவிட்டது. அவள் கூட்டைப் பிய்த்து அடுப்பில் போட்டாள். தப்பிய குளவிகளை அங்கே காணவில்லை. அவை செத்துவிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் எங்கேயாவது ஒன்றாகக் கூடிப் புதிதாகக் கட்டத் தொடங்கும். அந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

றம்ஸீன் வீட்டுக்கு வந்தான். உயிருக்கு ஆபத்தில்லை. தொண்டையில் குழாய் கிடந்ததால் குரல் கம்மிவிட்டது. காலம் எடுத்துத் திரும்பும் என்றார்கள். கடற்கரையில் வேறொருவன் ஏலம் கூறினான். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து றம்ஸீன் தண்ணீர் கேட்பது ஜெனூபாவுக்குக் கிசுகிசுப்பாகக் கேட்கும். உடனே கையிலிருப்பதை வைத்துவிட்டு நிற்பாள்.

கடைசியில் ஒருநாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசல் படலையில் போய் நின்றாள். றுஸ்தா கதவைத் திறந்து, ஏணியையும் அவளையும் பார்த்தாள்.

"குளவி உங்கட வீட்டுப் பக்கம் கட்டியிரிக்கலாம்," என்றாள் ஜெனூபா. " நான் பாத்துத் தாறன். எங்க கட்டுமெண்டு எனக்குத் தெரியும்."

றுஸ்தா உள்ளே திரும்பி, "நீங்க அறைக்குள்ளயே இரிங்க, கதவ அடைங்க," என்று கணவனிடம் சொல்லிவிட்டு விலகி வழிவிட்டாள். வாருங்கள் என்று சொல்லவில்லை.

யன்னல் மேல்தட்டு, தண்ணீர்த் தொட்டியின் அடி, விறகு அடுக்கும் கொட்டில் என்று ஜெனூபா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். றுஸ்தா ஏணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். கொட்டில் கூரையைத் தாங்கும் வளைக்கு அடியில் இருந்தது, சிறங்கையில் அடங்கும் அளவில் புதுக் கூடு. ஜெனூபா தலையைத் துணியால் மூடிக்கொண்டு, கொண்டுவந்த சவர்க்கார நுரைத் தண்ணீரைப் பீச்சியடித்தாள். குளவிகள் ஒவ்வொன்றாகச் சொத் சொத்தென்று விழுந்து துடித்து அடங்கின. ஒன்று மட்டும் அவள் மணிக்கட்டில் குத்தியது. அவள் உதறவில்லை. கூட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

றுஸ்தா எட்டிப் பார்த்தாள். "உள்ளுக்கு என்ன, வெள்ளையா?"

"முட்டை. இது குஞ்சு."

றுஸ்தா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்புக் காலால் மண்ணை விலக்கி, அங்கே போடச் சொன்னாள். இருவருமாக மிதித்து மூடினார்கள். ஜெனூபாவின் மணிக்கட்டு தடித்துக்கொண்டு வந்ததை றுஸ்தா கண்டாள். உள்ளே போய் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, கையில் கொடுக்காமல் ஏணிப் படியில் வைத்தாள்.

"பின்பக்கம் இன்னும் பாக்கல்ல," என்றாள். "நாளைக்கு வாங்க."