வெல்டர் செய்த சறுக்குமரம்

சண்டை ஓய்ந்த மறுவருஷம், குண்டு விழுந்து தரைமட்டமான பள்ளிக்கூடத்து இடத்தில், அன்று இறந்த பிள்ளைகளின் நினைவாக ஒரு விளையாட்டுத் திடல் அமைப்பது என்று தெரு கூடி முடிவு செய்தது. ஊஞ்சலைத் தச்சர் ஏற்றுக்கொண்டார். சறுக்குமரம் வெல்டர் பொறுப்பு. இறந்த பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய ஒரே மகள். தெரு முழுக்க அவளுக்கு ‘வாலு’ என்றுதான் பெயர்.

வெல்டர் பட்டறையே கதியென்று கிடந்தார். எந்தப் பிள்ளைக்கும் ஒரு சிராய்ப்புகூட வரக் கூடாது. ஓரமெல்லாம் ராவினார். பக்கத்துக்கொரு கைப்பிடி வைத்தார், கைப்பிடிக்கு ரப்பர் சுற்றினார். உயரத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் அது சறுக்குமரமா, சாய்ந்துபோன பெஞ்சா என்று பார்த்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனிடம் யார் போய்ச் சொல்வது?

பிள்ளைகளுக்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. திறந்த அன்று ஏறி உட்கார்ந்தார்கள், நகரவில்லை. பின்னாலிருந்தவன் தள்ளினான், அப்போதும் நகரவில்லை. எழுந்து நடந்தே இறங்கி, பக்கத்து இடிபாட்டுக் குவியலில் ஏறிக் குதிக்கப் போய்விட்டார்கள். ஒரு வாரத்தில் சறுக்குமரத்தின் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

அன்று வெல்டருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“துணி நல்லாத்தான் காயுது. ஒண்ணுகூட வழுக்கி விழல. அவ்வளவு பத்திரம்.”

“கேலியா உனக்கு? உசரமா வச்சு யாராவது விழுந்தா? நம்ம பொண்ணு ஞாபகமா வச்ச இடத்துல?”

“அவ இருந்திருந்தா இதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டா. தண்ணித் தொட்டி மேலேர்ந்து குதிச்சவ. நீங்க கீழ நின்னு கத்துவீங்க, அவ மேல நின்னு பழிப்புக் காட்டுவா.”

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் போன பிறகு அவளை நினைத்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவருக்கே பயமாக இருந்தது.

“நம்ம பிள்ளையை விளையாட்டா கொண்டுபோச்சு?” என்றாள் மனைவி. இந்தத் தடவை கேலி இல்லை.

மறுநாள் வெல்டர் இரும்புக் கால்களை நீட்டி ஒட்டி, சறுக்குமரத்தை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்தினார். மனசு கேட்காமல் கீழே மட்டும் வண்டி வண்டியாக மணல் கொட்டினார்.

மணல் பரப்பி முடித்த அன்று சாயங்காலமே வரிசை தெருமுனையைத் தொட்டது. வெல்டர் அடியில் காவல் நின்றார். ஒரு சிறுமி வந்த வேகத்தில் அவர் காலடியில் குப்புற விழுந்தாள். முழங்கையில் ரத்தம் எட்டிப் பார்த்தது. வீறிட்டாள். வெல்டர் வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிடியைத் தளர்த்தவே இல்லை.

சிறுமி அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு நெளிந்தாள். “விடுங்க மாமா! என் இடம் போயிரும்!”

விட்டார். அவள் முழங்கையில் எச்சில் தடவிக்கொண்டு ஓடி, வரிசைக்கு நடுவே நுழையப் பார்த்துத் திட்டு வாங்கினாள். வெல்டர் சறுக்கி இறங்கும் இடத்திலேயே மணலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவி வந்து அவர் தோளைப் பிடித்தாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

“அழணும்னா ஓரமா வந்து அழுங்க,” என்றாள். “பிள்ளைங்க சறுக்கணும்.”