வாசலை அடைத்த பம்பர்கள்

நசுங்கிய பம்பர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். தம்பியின் உடலைக் கிடத்த அப்பாவின் பட்டறையில் இடம் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாகச் சித்தப்பா போன் செய்திருந்தார்.

எல்லாம் மேட்டு வளைவில் பள்ளத்துக்குள் போன வண்டிகளின் பம்பர்கள். மழை தூறினால் போதும், யாராவது அங்கே சறுக்கிப் போவார்கள். அப்பா சங்கிலியோடு போய் இழுத்து வந்து, தட்டி நிமிர்த்தி, "போலீஸ் கீலீஸ்னு அலையாதீங்க, பிழைச்சீங்களே, அது போதும்" என்று அனுப்பிவைப்பார். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. இன்று காலை மகனின் வேனையும் அவரேதான் இழுத்தார்.

"நீ உட்காரும்மா," என்று அப்பா கடைசி பம்பரின் மறுமுனையைப் பிடித்தார். "அங்க ஒரு இரும்புத் தடுப்பு வைக்க அவ்வளவு யோசனையா? உங்க ஆபீஸ்லதானே முடிவு பண்றாங்க?"

நெடுஞ்சாலை ஆபீஸில் அவளுடைய வேலையே அதுதான். எந்த இடத்தில் தடுப்பு வைத்தால் போட்ட செலவுக்குப் பலன் உண்டு என்று ஒரு மென்பொருள் சொல்லும். பள்ளத்தின் ஆழம், தடுப்பின் விலை, போலீசில் பதிவான விபத்துகள், எல்லாவற்றையும் அவள் ஏற்ற வேண்டும். மேட்டு வளைவை வருஷம் தவறாமல் ஏற்றினாள். விபத்துக் கட்டத்தில் போட ஒன்றும் இல்லாததால், வருஷம் தவறாமல் அது வேண்டாம் என்றது. வண்டிக்காரர்களைப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னாள். பாவம், அவர்களை ஏன் இழுத்தடிக்க வேண்டும் என்று சிரித்துவிட்டார். அவளும் மேலே பேசவில்லை. இன்றைக்கு அந்தக் காரணம் மட்டும் இந்த மனுஷன் காதில் விழக் கூடாது. தாங்க மாட்டார்.

"செலவு ஜாஸ்தின்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சுப்பா."

"ஒரு உயிரைவிடவா?"

துக்கத்துக்கு வந்திருந்த அவளுடைய ஆபீஸ்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகில் வந்தார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு.

"உங்க பொண்ணு நாயா அலைஞ்சாங்க ஐயா. என்ன பண்றது, அந்த வளைவுல இதுவரைக்கும் ஒரு விபத்துகூடப் பதிவாகல. நம்ம தம்பிதான் முதல்."

"முதலா?" என்றார் அப்பா.

வாசலில் கிடந்த குவியலைப் பார்த்தார். அவர் முகம் வெளுப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஆபீஸ்காரரை அப்படியே வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"இதையெல்லாம் இப்ப சேத்துக்க மாட்டாங்களாம்மா?"

"பழசைச் சேக்க முடியாதுப்பா."

"இனிமேலாவது தடுப்பு வைப்பாங்கல்ல? இவன் ஒருத்தன் இருக்கானே."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு போதாதுப்பா."

ஆஸ்பத்திரி வண்டி தெருவுக்குள் திரும்பியது. பம்பர்கள் வழியை அடைத்திருந்ததால் ஹாரன் அடிக்காமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றது. அப்பா போய் ஒரு பம்பரைத் தூக்கினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், கையில் பிடித்தபடியே நின்றார்.