ரெண்டுதான் பெருசு

என் கணவர் இந்த வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், சீட்டாட்டத்தில் நான் போட்ட ஏஸ் மேல் ஒரு ரெண்டை ஓங்கி அடித்ததுதான். "கை காலி! கழுதை யாரோ அவங்க பாத்திரம் தேய்ங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தன் பூட்டுக்கடைக்குப் போனார். சாவி அறுக்கும் மெஷினில் ஒரு சாவி பாதியில் நின்றிருந்ததாம். மாரடைப்பு என்றார்கள்.

ஆட்டம் எளிது. கீழே கிடக்கும் சீட்டைவிடப் பெரியதைப் போட வேண்டும், முடியாவிட்டால் 'பாஸ்'. முதலில் கை காலியானவர் ராஜா. கடைசிவரை சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை. எல்லோருக்கும் ஏஸ் பெரியது, ரெண்டு சிறியது. எங்கள் வீட்டில் மட்டும் ரெண்டு பெரியது. கல்யாணமான புதிதில் நாத்தனாரோடு மூவரும் ஆடும்போது என் ஏஸ் மேல் ரெண்டைப் போட்டு அவர்தான் சட்டம் பேசினார்: "ஏஸ்னா ஒண்ணு, ஒத்தை ஆளு. நாம ரெண்டு பேரு. எது பெருசு?" நான் வெட்கத்தில் வாயடைத்துப் போனேன் என்று நாத்தனார் இன்னமும் கிண்டல் செய்வாள்.

அவர் போனபின் சீட்டுக்கட்டை யாரும் தொடவில்லை. ஒரு மழை நாளில் மாடியிலிருந்து நாத்தனாரும் அவள் கணவரும் இறங்கி வந்தார்கள். அவள் கணவருக்கு இங்கே பெயரே 'பாஸ்'. ஆட்டத்தில் அவர் வாயில் அதிகம் வரும் சொல் அது.

"அண்ணி, சீட்டை எடுங்க. எவ்வளவு நாள்தான் சுவத்தையே பார்த்துட்டு இருப்பீங்க?"

ஆடினோம். முடிகிற நேரத்தில் பாஸ் ஒரு ஏஸைப் போட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இனிமே ஏஸ்தான் பெருசு. ஊரோட ஒத்துப் போவோம்."

அந்த ஒரு சட்டத்திலாவது அவர் பேச்சு இந்த வீட்டில் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. அதுவும் போய்விட்டால்?

"அதெப்படி? எங்கண்ணன் சொன்ன சட்டம்" என்றாள் நாத்தனார்.

"உங்கண்ணன் சட்டமா? மச்சானே என்கிட்ட சொன்னாரு. அன்னிக்குக் கையில அந்த ஒரு ரெண்டுதான் மிச்சமாம். கழுதையாகாம தப்பிக்க, வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டாராம்!"

சொன்னபிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அழப்போகிறேன் என்று இருவரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"தெரியும் தம்பி."

"அப்புறம் ஏன்க்கா ஒத்துக்கிட்டீங்க?"

"அன்னிக்கு என் கையிலயும் ரெண்டே சீட்டுதான். ரெண்டுமே ரெண்டு. நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

நாத்தனார் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். பிறகு எழுந்தே நின்றுவிட்டாள்.

"அண்ணீ! அப்ப அன்னிக்குக் கழுதை நான்! மலை மாதிரி பாத்திரம் தேய்ச்சேன்! நீங்க வெட்கப்படுறீங்கன்னு இத்தனை வருஷமா நம்பிட்டு இருக்கேன்!"

பாஸுக்கு ஒரே குஷி. "இப்ப நீயே தீர்ப்பு சொல்லு. ஏஸா, ரெண்டா?"

அவள் என்னை முறைத்தாள். கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். உதட்டோரம் அவள் அண்ணனின் அதே திருட்டுச் சிரிப்பு.

"எங்கண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு இல்ல" என்று ஏஸ் மேல் ஒரு ரெண்டை ஓங்கி அடித்தாள்.

"பாஸ்" என்றார் பாஸ்.

அன்று பாத்திரம் தேய்த்ததும் அவர்தான். எங்கள் வீட்டில் இன்றும் ஏஸைவிட ரெண்டுதான் பெரியது.