பதினேழிலேயே நின்றவள்

தையல்காரியின் மகளுக்கு இருபது வருடங்களுக்கும் மேலாகப் பதினேழு வயதுதான் நடக்கிறது. ஊரில் இதை யாரும் ஒளித்துப் பேசுவதில்லை. பேருந்தில் அவளுக்கு மாணவர் சலுகைதான். புதிதாக வரும் கண்டக்டர் ஒருமுறை முறைத்துப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் விஷயத்தைச் சொன்னதும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவள் செய்த குற்றம் என்னவோ சின்னதுதான். தோழிகள் உசுப்பேற்றியதில் மருந்துக்கடைக் கண்ணாடியில் கல்லை விட்டெறிந்தாள். பதினெட்டு நிரம்பாதவர்களின் இந்த மாதிரிச் சில்லறைக் குற்றங்களைப் போலீஸ் வரை போகவிடாமல், நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் கூடும் இளையோர் மன்றத்தில் தீர்த்துக்கொள்வது ஊரின் ஏற்பாடு. ஜூரி, வக்கீல் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகளே. பெரியவர் என்று இருந்தது ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர்தான். அவரை விசில் என்பார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து தூங்கிவிடுவார். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. அங்கே தலைகுனிந்து நின்ற எத்தனையோ பிள்ளைகள் இன்று வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்டனையை முடித்த பிள்ளையையும் நஷ்டப்பட்டவரையும் எதிரெதிரே நிறுத்தி, தலைமை ஜூரி "போதுமா?" என்று கேட்க வேண்டும். நஷ்டப்பட்டவர் "போதும்" என்றால்தான் வழக்கு முடியும். அதுவரை பிள்ளை மன்றத்தின் பொறுப்பு.

தையல்காரியின் மகள் சாயங்காலங்களில் மருந்துக்கடையைப் பெருக்கினாள், அலமாரிகளைத் துடைத்தாள், கடைசியில் எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கடைக்காரருக்கே எடுத்துக் கொடுத்தாள். கெடு முடிந்த சனிக்கிழமை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு "போதும்" சொல்ல வந்துவிட்டார். அன்று தலைமை ஜூரியாக இருந்தவள் அவளோடு ஒரே பெஞ்சில் படித்த உயிர்த்தோழி. அன்றைக்கு அந்தத் தோழிக்குப் பதினெட்டாவது பிறந்தநாள். மன்றத்தில் அவளுக்கு அதுதான் கடைசி நாள். முந்தைய வழக்குகள் இழுத்தடித்தன, வீட்டில் கேக் காத்திருந்தது. "சார், அடுத்த வாரம் வந்துடுங்க, புதுசா வர்றவங்க மொதல்ல உங்களதான் கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள். மருந்துக்கடைக்காரர் புதன்கிழமை யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும்போதே சரிந்து உயிரை விட்டார்.

அந்த வருடம் தையல்காரியின் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது, பதினெட்டு வரவில்லை. முதலில் தாய்க்குச் சந்தோஷம்தான், அளவு எடுக்கிற வேலை மிச்சம் என்றாள். பள்ளியில் அவளை அதே கடைசி வகுப்பில் உட்கார வைத்தார்கள். அவளுக்குப் பிடித்திருந்த பையனுக்குக் கல்யாணமாகி, அவன் மகள் அவளைவிட உயரமாகிவிட்டாள். கடைக்காரரின் மகனைக் கூட்டிவந்து "அப்பாவுக்காக நான் சொல்றேன், போதும்" என்று சொல்ல வைத்தும் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நஷ்டப்பட்டவர் வாயால் வர வேண்டியது என்று சொல்லி விசில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். "எனக்கு எழுபது ஆகப்போகுது, இவளுக்கு இன்னும் ஓட்டுகூட இல்ல. நான் போயிட்டா இவள யாரு பாத்துப்பா?" என்று துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் கேட்ட தையல்காரி, மகளின் பதினெட்டைப் பார்க்காமலே போன மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்தாள்.

தோழி இதற்குள் பெரிய வக்கீலாகியிருந்தாள். முழங்கால் வலி வேறு. இத்தனை வருடமும் தையல்காரியின் தெருவைச் சுற்றிக்கொண்டு போனவள், சாவு வீட்டுக்கு வந்தும் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள். அடுத்த சனிக்கிழமை நூலகத்தின் மாடியேறினாள். தையல்காரியின் மகள் தலைமை ஜூரியின் நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு இருக்கிற அனுபவம் பதினெட்டுக்குக் கீழே வேறு யாருக்கு இருக்கிறது? நஷ்டப்பட்டவர் வந்து பதில் சொல்லும்வரை அவள் யாரையும் வீட்டுக்கு விடுவதில்லை என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். வக்கீல் நேராகப் போய்க் குற்றவாளி நிற்கும் இடத்தில் நின்றாள்.

"ஒரு கேக் வெட்டுற அவசரத்துல உன் வாழ்க்கையையே நிறுத்திட்டேன்டீ. என்ன தண்டனை வேணும்னாலும் குடு, செய்யறேன். கடைசில உன் வாயால போதும்னு சொல்லிடு."

தலைமை ஜூரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வக்கீல் தாங்கியிருப்பாள்.

"உனக்குப் பதினெட்டு தாண்டிடுச்சேடீ. இங்க உன்ன விசாரிக்க முடியாது. போய் பெஞ்சுல உக்காரு, கால் வலிக்கப்போகுது."

பிறகு ஒரு சைக்கிள் திருட்டு வழக்கைக் கூப்பிட்டார்கள். வக்கீல் இப்போதும் எல்லாச் சனிக்கிழமையும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், முடிந்ததும் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடக்கிறார்கள். தெரியாதவர்கள் அவளை அந்தப் பெண்ணின் அம்மா என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருவரும் மறுப்பதில்லை.