ஹ்ரிப்சிக் என்பது யார் பெயர்?

கடைப் பெயர்ப்பலகை செய்கிற வாச்சிக் அன்று காலையில் நான்காவது முறையாகப் போன் செய்தான்.

"அம்மா தாயே, பேரைச் சொல்லு. ஒரே ஒரு பேரு. எழுத்து வெட்டற மிஷினை ஆன் பண்ணிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"நாளைக்குச் சொல்றேன் வாச்சிக்."

"நாளைக்கு நாளைக்குன்னு ரெண்டு வாரமாச்சு. உனக்குப் பேரே இல்லையா? உங்க வீட்ல வைக்கலையா?"

வைத்தார்கள். அதுதான் தொல்லையே. போனை அணைத்துக் கத்தரிக்கோல் டப்பாவுக்குள் போட்டேன்.

பதினோரு வருடம் அடுத்தவள் கடையில் நின்று கால் வீங்கிப்போய், கடைசியில் இந்தக் கியூம்ரி ஊரில் எனக்கென்று ஒரு முடியலங்காரக் கடை பிடித்துவிட்டேன். கண்ணாடி வந்துவிட்டது, நாற்காலி இரண்டு வந்துவிட்டது, தலை கழுவும் தொட்டியும் வந்துவிட்டது. கீசர் மட்டும் தன் இஷ்டத்துக்குத் திடீரென்று கொதிக்கும், அதையும் சமாளித்துக்கொள்ளலாம். பலகையில் 'பெண்கள் முடியலங்காரம்' என்பது வரைக்கும் ஏறியாகிவிட்டது. அதற்கு முன்னால் கடைக்காரி பெயர் வர வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் யார் கடை என்று தெரியாமல் தலையைக் கொடுக்க மாட்டார்கள். ஆனாவின் கடை, லூசிக்கின் கடை என்று சொல்லித்தான் போவார்கள். என் கடையை என்னவென்று சொல்வார்கள்?

என் பெயர் ஹ்ரிப்சிமே. பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த முழுப் பெயரால் என்னைக் கூப்பிட்டவர்கள் கணக்கு டீச்சரும் பல் டாக்டரும்தான். இரண்டு பேரும் வலிக்கச் செய்வதற்கு முன்னால் கூப்பிட்டார்கள். அப்பா 'ஹ்ரிப்போ' என்பார். கேட்கிறவர்கள் எழுபது வயதுப் பால்காரி யாரோ வருகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அர்ஷலுய்ஸ் அத்தைக்கு நான் 'ரீமா'. மாஸ்கோவில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவள், அவளுக்கு நம் பெயரெல்லாம் வாயில் ஒட்டாது. தலைநகர் யெரெவானில் தொழில் கற்றுக்கொள்ளப் போனபோது கூட இருந்த பெண்கள் 'ரிப்சி' ஆக்கிவிட்டார்கள். பூனையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

இவ்வளவும் எதற்கு? ஹ்ரிப்சிமே என்று ஒருத்தி இருந்தால் அவளை வீட்டில் 'ஹ்ரிப்சிக்' என்று கொஞ்சுவார்கள். ஊர் முழுக்க அதுதான் வழக்கம். அந்த ஒன்றை மட்டும் எனக்கு யாரும் கொடுக்கவில்லை. அது என் அக்காவுடையது.

அக்காவை நான் பார்த்ததில்லை. எண்பத்தெட்டு டிசம்பரில் பூமி ஆடியபோது அவள் முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விழுந்துவிட்டது. ஆறு வயது. ஒன்றரை வருடம் கழித்து நான் பிறந்தேன். அப்பா பதிவு அலுவலகத்துக்குப் போய் அதே பெயரை எழுதிவிட்டு வந்தார். எங்கள் ஊரில் அப்போது பலர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. என் வகுப்பிலேயே நாலு பேர் செத்துப்போன அண்ணன் அக்கா பெயரோடு திரிந்தோம். போன பிள்ளை திரும்பி வந்ததாக இருக்கட்டும் என்று பெற்றவர்களுக்கு ஓர் ஆறுதல். சரி, இருக்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வந்தவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒருத்தராவது யோசித்தார்களா?

நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்ததே அக்காவின் கல்லறைக் கல்லில்தான். என் பெயர், என் அப்பா பெயர், எங்கள் குடும்பப் பெயர், எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. படித்துக் காட்டிவிட்டுப் பெருமையாக அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் அம்மா பெர்ச்சுஹிக்கு நான் 'பொண்ணு'. அவ்வளவுதான். பொண்ணே சாப்பிடு, பொண்ணே கதவைச் சாத்து, பொண்ணே யார் வந்திருக்கா பாரு. சந்தைக் கூட்டத்தில் "பொண்ணே!" என்று கத்துவாள், இருபது பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். முப்பத்து நாலு வருடத்தில் என் பெயர் அவள் வாயிலிருந்து ஒரு தடவை வந்ததில்லை.

பக்கத்துக் கடைச் செருப்பு தைக்கிற செத்ராக் மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் செருப்பு தைப்பதைவிடப் புத்தகம் படிப்பதுதான் அதிகம். அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்று தெருவுக்கே தெரியும். கேட்டுத் தொலைத்தேன்.

"மாமா, என் பேர்ல எதைப் போர்டுல போடறது?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். போச்சு என்று நினைத்தேன்.

"ஹ்ரிப்சிமே சாதாரணப் பேரா மகளே? கிரேக்கச் சொல்லுன்னு சொல்றாங்க. 'எறியப்பட்டவ'ன்னு அர்த்தமாம்."

"எறியப்பட்டவளா? எனக்குச் சரியாத்தான் வச்சிருக்காங்க."

"முழுசாக் கேளு. கடவுள் காலடியில போட்டுட்டாங்கன்னு அர்த்தம் எடுத்துக்கணும். ரோமாபுரியிலேர்ந்து ஓடி வந்த கன்னி. நம்ம ராஜா திர்தாத் கட்டிக்கிறேன்னு கையைப் பிடிச்சான். அவனோட மல்லுக்கு நின்னு ஆளை மல்லாக்கப் போட்டா! ராஜாவை! அப்புறம்தான் கொன்னான், பாவி."

"மாமா, நான் முடி வெட்டற கடை வைக்கிறேன். மல்யுத்தக் கூடம் வைக்கல."

"எங்க ஊர்ப்பக்கம் ஹ்ரிப்போம்பாங்க. ரஷ்யாக்காரன் முன்னாடி இருக்கிற ஹகரத்தை முழுங்கிட்டு ரிப்சிமேம்பான். எங்க பாட்டியோட தங்கச்சி ஒருத்தி..."

"மாமா! எதைப் போடட்டும்?"

"ஹ்ரிப்சிக்னு போடு. வேறென்ன? இதுக்கு என்கிட்ட வந்து கேக்கணுமா?" என்று மறுபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் இந்தத் தெருவுக்கு வந்து ஐந்து வருடம்தான். அக்கா கதை அவருக்குத் தெரியாது.

சூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ஹ்ரிப்சிமே திருநாள் வரும். அந்தப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறவள் வீட்டில் விருந்து நடக்கும், வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வருவார்கள். எங்கள் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா முந்தின நாளே கத்தா ரொட்டி சுடுவாள், வெண்ணெயும் சர்க்கரையும் வைத்து, மேலே கோடு கோடாகக் கீறி. அது அப்படியே கல்லறைக்குப் போகும். அங்கே வைத்தது போக, கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது போக, மிஞ்சின துண்டு எனக்கு வரும். என் பெயருக்கு வருகிற திருநாளில் எனக்கு மிச்சம்!

இந்த வருடம் விடுவதில்லை என்று அந்தத் திங்கட்கிழமையே கடை திறப்பது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் போய் நின்றேன். அம்மா கத்தாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கடை திறக்கிறேன்."

"நாளைக்கா? நாளைக்கு அங்க போகணுமே."

"வருஷா வருஷம் போறோம். இந்த ஒரு வருஷம் சாயங்காலமாப் போனா அவ கோவிச்சுக்குவாளா?"

அம்மா மாவைத் திருப்பிப் போட்டு அடித்தாள்.

"போர்டுல என்ன பேரு போடட்டும்?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்னா ஹ்ரிப்சிக்னு போடுவேன்."

கை நின்றது. "அது அவளோடது" என்றாள், என்னைப் பார்க்காமல்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "அப்ப என்னோடது எது? அதைச் சொல்லு, போட்டுக்கறேன். முழுப் பேரு கல்லுல இருக்கு. செல்லப் பேரு அவளோடது. அப்புறம் எதுக்கு எனக்கு அதையே எழுதினீங்க? ஊர்ல பேருக்கா பஞ்சம்?"

"உங்கப்பாவைக் கேளு. நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன்."

"அப்பா போய் நாலு வருஷமாச்சும்மா!"

"அப்ப நாளைக்கு அங்க வந்து கேளு. பக்கத்துலதானே படுத்திருக்காரு."

இப்படிப்பட்ட அம்மாவிடம் மனுஷி எப்படிப் பேசுவது? "முப்பத்து நாலு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கியா?" என்று கேட்டேன். குரல் உடைந்தது, அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

"பொண்ணேன்னா வர்றே இல்ல? அப்புறம் என்ன?"

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தேன். தெருவில் இறங்கியதும்தான் காலில் வீட்டுச் செருப்பு இருந்தது தெரிந்தது. திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு, மறுபடியும் அறைந்து சாத்தினேன்.

திங்கட்கிழமை காலையில் வாச்சிக் பலகையைக் கொண்டுவந்து மாட்டினான். பெயர் வர வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு" என்றான். "என்னைத் திட்டாதே. எழுத்து வெட்டி எடுத்துட்டு வந்தா அஞ்சு நிமிஷத்துல ஒட்டிடுவேன். நீ எப்பப் பேரு வச்சுக்கறியோ அப்பச் சொல்லியனுப்பு."

அம்மா விடிந்ததும் கத்தாவைத் துணியில் கட்டிக்கொண்டு கல்லறைக்குப் போயிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மட்டும் கடையைத் திறந்தேன். செத்ராக் மாமா ஒரு கிண்ணம் செர்ரிப் பழம் கொண்டுவந்து வைத்து, ராஜாவை மல்லாக்கப் போட்ட கதையை முதலில் வந்த பெண்ணுக்குச் சொல்லி அவளைத் துரத்தப் பார்த்தார். பத்து மணிக்குள் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் அண்ணாந்து பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "உன் பேரு என்ன கண்ணு?" என்று கேட்டார்கள். ஒருத்தியிடம் ரீமா என்றேன், இன்னொருத்தியிடம் ரிப்சி என்றேன், மூன்றாமவளிடம் காதில் விழாத மாதிரி டிரையரைப் போட்டேன். என் கடையில் நானே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா வந்தாள். முக்காட்டிலும் சட்டையிலும் கல்லறைப் புழுதி. கையில் கத்தா மூட்டை. அதை மேசையில் வைத்தாள்.

"காத்து அடிச்சுது. தலையெல்லாம் மண்ணு" என்றாள். "கழுவி விடு."

என் அம்மா என் கையில் தலையைக் கொடுத்ததே இல்லை. சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்வாள். கோணல் மாணலாக இருக்கும், நான் தலையில் அடித்துக்கொள்வேன். இப்போது முக்காட்டை அவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, தொட்டியில் கழுத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். நேற்றைய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. தண்ணீரைத் திறந்தேன். நரைத்துப்போன மெல்லிய முடி. விரலை விட்டுக் கோதினால் மண் வந்துகொண்டே இருந்தது.

"அவளுக்கு ஒரு துண்டு வச்சேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "உங்கப்பாவுக்கு ஒண்ணு. மிச்சத்தை இங்க கொண்டாந்துட்டேன். வர்றவங்களுக்குக் கொடு."

"சரி."

"கடை நல்லாருக்கு."

"சரி."

"என்ன சரி சரிங்கறே?"

அந்த நேரம் பார்த்து கீசர் தன் புத்தியைக் காட்டியது.

"ஆ! ஹ்ரிப்சிக்! சுடுது!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று புத்தகப் பையோடு அங்கே நிற்கிறது என்றே நினைத்தேன். வாசலில் யாரும் இல்லை. தண்ணீர் பாட்டுக்கு ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா கண்ணைத் திறந்து, தலைகீழாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? உன்னைத்தான் சொல்றேன். ஹ்ரிப்சிக்னு கூப்பிட்டா காது கேக்காதா உனக்கு? மண்டை வேகுதுடி, தண்ணியை மாத்து!"

மாற்றினேன். குழாயைத் திருப்பிய வேகத்தில் குளிர்ந்த தண்ணீர் அவள் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது. அதற்கும் ஒரு கத்துக் கத்தினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரமும் கூடவே வந்தது.

"முன்னாடியே சொல்லியிருந்தா என்னம்மா?" என்று நானும் கத்தினேன்.

"இப்பச் சொல்லிட்டேன்ல" என்று கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். "சோப்பைப் போடு."

சோப்பைப் போட்டேன். நுரையில் கை மறைந்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. அவளும் கண்ணைத் திறக்கவில்லை.

அம்மா தலை காய்ந்து, முக்காட்டைக் கட்டிக்கொண்டு, கீசரை மாற்றச் சொல்லி மூன்று முறை திட்டிவிட்டுப் போன பிறகு வாச்சிக்குக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னேன். அவன் எங்கள் மொழி எழுத்தில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏழே ஏழு எழுத்து! இதுக்கா ரெண்டு வாரம் என் உயிரை எடுத்தே? முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எப்படிடா சொல்றது?" என்றேன். "இன்னைக்குத்தான் வச்சாங்க."