தலைவர் முகத்தின் எடை

தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் சுயம்பு டிஜிட்டல் ஸ்டுடியோவில், கம்ப்யூட்டர் நாற்பத்தோராவது தலையில் நின்றுவிட்டது.

கோயில் கொடைக்கு ஊர்ச் சங்கம் வைக்கும் பேனர் அது. நடுவில் அம்மன். பக்கத்தில், அம்மனைவிட ஒரு சுற்றுப் பெரிதாகச் சங்கத் தலைவர் ராஜகுமார். கீழே நிர்வாகிகள் அறுபத்தைந்து பேர், பாஸ்போர்ட் அளவில், கைகூப்பியபடி. சாயங்காலத்துக்குள் பிரிண்டுக்குப் போகாவிட்டால் இனிமேல் எல்லா வேலையும் சயானில் இருக்கும் வேறு கடைக்குத்தான் என்று தலைவர் சொல்லியிருந்தார். சங்கத்து பேனர் இல்லாவிட்டால் ஸ்டுடியோ இரண்டு மாதம் தாங்காது.

"புது மிஷினே எடுத்துருவோம். பன்னெண்டு கோர்," என்றார் சுயம்பு. ஒரு மாதமாக இதைப் பற்றி வீடியோ பார்த்து வருகிறார். எடிட்டிங் செய்வதெல்லாம் அவர் மனைவி பொன்செல்வி.

"கோர்னா என்னது?"

"அது உள்ள இருக்கும்."

சீத்தா கேம்ப்பிலிருந்து ரிப்பேர்காரர் உதுமான் வரவழைக்கப்பட்டார். அவர் மிஷினைக் கழற்றவில்லை. பேனரில் ஒவ்வொரு தலையாக மறைத்துப் பார்த்தார். தலைவரை மறைத்ததும் கம்ப்யூட்டர் மூச்சு விட்டது.

"அண்ணாச்சி, மிஷின்ல குத்தமில்ல. தலைவர் மூஞ்சி மட்டும் மூணு ஜிபி."

பதினோரு வருடத்துக்கு முந்தைய போட்டோ அது. வருடா வருடம் அதன்மேல் முடியைக் கறுப்பாக்கி, இரட்டைத் தாடையில் ஒன்றைக் குறைத்து, நிறத்தைக் கூட்டி, கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல் நூற்றுப் பன்னிரண்டு லேயர் சேர்ந்திருந்தது. மற்ற நாற்பது பேரும் சேர்ந்து கால் ஜிபி தேறவில்லை.

"எல்லா லேயரையும் ஒண்ணா ஒட்டிருங்க. காலிபீலி வீண் செலவு எதுக்கு?" என்றார் உதுமான்.

"போன வருசம் ஒட்டுனேன் பாய்," என்றாள் பொன்செல்வி. "முந்தின வருச மீசைதான் வேணும்னுட்டாவ. மூணு நாளு உக்காந்து மயிரு மயிரா நட்டேன்."

"அப்ப அவரு இப்ப இருக்குத மாதிரியே ஒரு போட்டோ எடுத்துப் போட்டுருங்க."

சுயம்பு எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

ஆக, முப்பதாயிரத்துக்கு மெமரியும் டிரைவும் வாங்க வேண்டும். இல்லையென்றால் தலைவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். கையில் முப்பதாயிரம் இல்லாததால் பொன்செல்வி போன் போட்டாள். சுயம்பு பாத்ரூமுக்குப் போய்விட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க மொகம் மட்டும் மூணு ஜிபி இருக்கு. எங்க கம்ப்யூட்டரு தாங்க மாட்டேங்குது."

மறுமுனையில் தலைவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"மத்தவனுக்கெல்லாம் எம்புட்டு இருக்கு?"

"எல்லாருமாச் சேந்து கால் ஜிபி கூட இல்ல."

"துணைத் தலைவர் பிச்சையாவுக்கு?"

"அவுகளுக்கு நாலு எம்பி. ஒரு ஜிபியில ஆயிரத்துல நாலு பங்குன்னு வச்சுக்கிடுங்க."

"நாலா!" தலைவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

அரை மணி நேரத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தீர்மானம் வந்தது. தலைவரின் முகத்தைத் தாங்கும் திறன் நம்மவர் ஸ்டுடியோவுக்கு இல்லாதது சமுதாயத்துக்கே இழுக்கு. எனவே அந்தச் செலவைச் சங்கமே ஏற்கும். எவரெவர் முகம் எத்தனை எம்பி என்ற பட்டியலும், ஒரு தகவலுக்காக, கூடவே வந்தது. உதுமான் மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். அறுபத்தாறு தலையும் ஏறின. ஐந்து மணிக்கு பேனர் பிரிண்டுக்குப் போனது.

ஐந்தே காலுக்குப் பிச்சையா கடைக்குள் வந்தார். முப்பது வருடம் தோல் பட்டறை நடத்தியவர். யாரிடமும் போய் நிற்காதவர். பின்னால் பொருளாளரும் இணைச் செயலாளர்கள் நான்கு பேரும் வரிசையில் நின்றார்கள்.

"ஏட்டி, நான் வெறும் நாலு எம்பியாமே?"

"ஒங்களுக்கு ஒண்ணுமே மாத்த வேண்டாம் அண்ணாச்சி. அப்பிடியே நல்லாருக்கு."

"நல்லாருந்து என்ன செய்ய? நாலு பேரு முன்னால தலைகாட்ட முடியல. அடுத்த பேனருக்கு ரெண்டு ஜிபியாவது ஆக்கிரு."

பொன்செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. எதுல ஆரம்பிக்க? முடியா, கழுத்தா?"

பிச்சையா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எதுல ஜிபி ஜாஸ்தி ஏறும்?" என்று கேட்டார்.