முதல் வேலை

மன்றக் கூட்டத்தில் அந்த வருஷத்து வேலைப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது, சுகாதார அதிகாரி குனிந்தபடியே மேடைப் பக்கம் வந்து மேயரின் முன்னால் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போனார். கீழ்த்தெருக்களில் பதினோரு பேருக்கு மஞ்சள் காமாலை, ஒரே வாரத்தில். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். வாசிப்பு அப்போது நான்காவது வேலையில் இருந்தது. கீழ்த்தெருக் குடிநீர்க் குழாய் ஏழாவது. ஆறாவதோடு எப்படியும் கூட்ட நேரம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மேயராவதற்கு முன்னால் அவள் இருபத்திரண்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காய்ச்சல் வார்டில்தான் பாதிக் காலம். ஒவ்வொரு மழைக்கும் அதே நாலு தெருக்களிலிருந்து ஆட்கள் வந்து படுப்பார்கள்; தேறிப் போவார்கள்; அடுத்த மழைக்குத் திரும்பி வருவார்கள். அந்தத் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒட்டிப் பிறந்தவை போல ஒரே பள்ளத்தில் கிடந்தன. இரண்டுக்கும் வயசு ஐம்பதுக்கு மேல். "நாம இங்க பாட்டில் மாட்டிக்கிட்டே இருக்கோம், அங்க குழாய மாத்துறவன் யாரு?" என்று நர்ஸ் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் கேட்டாள். கேட்டவளையே தேர்தலில் நிறுத்திவிட்டார்கள். ஊசிக்குப் பயந்துதான் ஊரே ஓட்டுப் போட்டது என்று அவள் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

பதவியேற்ற அன்று, கழுத்தில் போட்ட சங்கிலியைக் கழற்றுவதற்கு முன்பே குழாய்க் கோப்பில்தான் முதல் கையெழுத்து. கோப்பு கிளம்பியது. குழாய் குடிநீர் வாரியத்துடையது, மேலே இருக்கிற சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, மாநகராட்சி கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும் என்ற பதிலோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். முதல் வருஷம் அப்படிப் போயிற்று. இரண்டாம் வருஷம் பட்ஜெட் நிறைவேற ஐந்து ஓட்டுக் குறைந்தது. ஆற்றங்கரை நடைபாதைக்கும் அதன் வண்ண விளக்குகளுக்கும் முதலிடம் கொடுத்தால் அந்த ஐந்தும் கிடைக்கும் என்றார்கள். இந்த ஒரு வருஷம் மட்டும் என்று நினைத்துக்கொண்டு குழாயைக் கீழே இறக்கியது அவள் கைதான். இறங்கிய இடத்திலிருந்து அது ஏறவேயில்லை.

கூட்டம் முடிந்ததும் நேராகக் கமிஷனர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த லைன இன்னிக்கே மூடணும்."

"மூடலாம் மேடம். நாளைக்குக் காலைல அந்த லைன நம்பியிருக்கிற நாப்பதாயிரம் பேருக்குத் தண்ணி? நம்மகிட்ட லாரி ஒன்பது. அதுல ரெண்டு ரிப்பேர்ல நிக்குது."

"கொதிக்க வெச்சுக் குடிங்கன்னாவது மைக்ல சொல்லலாமில்ல?"

"வாரியம் சொல்லணும். ரெண்டாவது சாம்பிள் ரிசல்ட் வர்ற வரைக்கும் எதுவும் அறிவிக்க வேணாம்னு லெட்டர் போட்டிருக்காங்க. நாலு நாள். பாருங்க." கடிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். காலையிலிருந்து வாரியத்துக்கு ஆறு தடவை போன் செய்திருந்தார். அதையும் நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். அவரிடம் கோபப்படுவதற்கு அவளுக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

தன் பெயரில் ஒரு ஆட்டோவை வாடகைக்குப் பிடித்து, மைக் கட்டி, அவளே வாசகம் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். இரண்டாவது தெரு முனையில் போலீஸ்காரர்கள் ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதிச் சீட்டு இல்லை. மேயர் சொல்லித்தான் வந்தேன் என்று டிரைவர் சொன்னதற்கு, அப்படியானால் மேயரிடமே சீட்டு வாங்கி வா என்றார்களாம். அந்தச் சீட்டைக் கொடுக்கும் அதிகாரம் மேயருக்குக் கிடையாது.

இதை டிரைவர் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தங்கையின் அழைப்பு நடுவில் வந்தது. "அக்கா, பாப்பாவுக்குக் கண்ணு மஞ்சளா இருக்குதுக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். நீ பதறாத."

பாப்பா என்று இன்னமும் அழைக்கப்படுகிற தங்கை மகளுக்கு இருபத்தாறு வயசு. எட்டாம் மாதக் கர்ப்பம். குடியிருப்பது கீழ்த்தெருவில்.

காரில் போகும்போது அவள் விரல்விட்டு எண்ணினாள். இந்தத் தண்ணீர்க் காமாலை உடம்புக்குள் போய்த் தலைகாட்ட ஐந்தாறு வாரம் ஆகும். இன்று லைனை மூடினாலும், ஊர் முழுக்க மைக் கட்டினாலும், பாப்பா அந்தத் தண்ணீரைக் குடித்தது ஆறு வாரம் முன்னால். அதே ஆறு வாரம் முன்னால்தான் இவள் ஆற்றங்கரை நடைபாதைக்கு ரிப்பன் வெட்டினாள். பாப்பாவும் வந்திருந்தாள், விளக்கு எரிந்ததும் கைதட்டினாள். மற்றவர்களுக்கு இது பதினைந்து நாள் பத்தியத்தில் போய்விடுகிற நோய். நிறைமாதத்தை நெருங்குகிறவர்களுக்கு அப்படி இல்லை. அப்படி மூன்று பேரை அவள் பார்த்திருக்கிறாள். ஒருத்திக்குக் கடைசியாகத் தலை வாரிவிட்டதும் அவள்தான்.

வார்டு வாசலில் தலைமை நர்ஸ் நின்றிருந்தாள், கூட வேலை பார்த்தவள். "வாங்க மேடம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "பாத்துட்டு வா. என்கிட்ட எதுவும் கேக்காத" என்றாள்.

பாப்பா கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "வாங்க டீச்சர்," என்றாள்.

"பாருக்கா, பெரியம்மாவப் போயி டீச்சர்ங்கறா," என்று தங்கையும் சிரித்தாள். "ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அதான் தூக்கக் கலக்கம்."

மேயர் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "கண்ணு, ரெண்டு கையையும் முன்னால நீட்டு. விரல விரிச்சு வெச்சுக்க. அப்படியே."

பாப்பா நீட்டினாள். மணிக்கட்டுகள் நிற்கவில்லை. தொய்ந்து விழுவதும் நிமிர்வதுமாக, சிறகடிப்பதுபோல் இரண்டு கைகளும் அடித்துக்கொண்டன. ஈரல் கைவிட்டு விஷம் தலைக்கேறிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மெதுவாக அந்தக் கைகளைச் சேர்த்துப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பாப்பாவின் புருஷன் நகர்ந்து வந்தான். "பெரியம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா பெரிய டாக்டரே வந்து பார்ப்பாருன்னு சொல்றாங்க."

அவள் எழுந்து போய்ச் சொன்னாள். பெரிய டாக்டர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டிருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, ரத்தம் உறையும் கணக்கைச் சொன்னார். "உங்களுக்குத் தெரியாததில்ல. செய்ய முடிஞ்சதெல்லாம் செஞ்சிட்டிருக்கோம். பெரிய ஊருக்குக் கொண்டுபோகலாம், ஆனா வழியில உடம்பு தாங்காது." அவளும் அதையே கேட்க நினைத்திருந்தாள். தலையை ஆட்டினாள்.

திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தது. தங்கையும் மருமகனும் வெளியே நின்றார்கள். "நீயும் கொஞ்சம் வெளிய இரு," என்றாள் தலைமை நர்ஸ். அதே வார்த்தையை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

தாழ்வாரத்துப் பெஞ்சுகளில் இருந்தவர்கள் மேயரைக் கண்டு எழுந்தார்கள். தங்கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லதானக்கா? உனக்குத்தான் தெரியுமே, சொல்லு," என்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள், மடித்த தாளோடு வயசானவர் ஒருவர் முன்னால் வந்து கும்பிட்டார். ஆபீசுக்கு மூன்று தடவை வந்தும் பார்க்க முடியவில்லை என்றார். அவர் தெருவில் விளக்கு எரிந்து எட்டு மாதமாகிறது.

"எந்தத் தெரு?" என்று கேட்டாள், எப்போதும் கேட்பதுபோல.

அவர் சொல்ல ஆரம்பித்தார். வார்டு வாசல் வழியே தெரிந்த திரை தரையைத் தொடாமல் ஒரு முழம் மேலே நின்றது. அதற்கடியில் வெள்ளைச் செருப்புகள் இரண்டு ஜோடி இங்குமங்கும் விரைந்தன. டாக்டரின் கறுப்பு ஷூ வந்து சேர்ந்தது. கம்பத்தின் நம்பரைப் பெரியவர் இரண்டாம் தடவை சொன்னார். அவள் தாளை வாங்கிக்கொண்டாள். ஒரு ஜோடிச் செருப்பு வெளியே ஓடிவந்து, கையில் எதையோ எடுத்துக்கொண்டு, மறுபடி திரைக்குள் புகுந்தது. கறுப்பு ஷூ கட்டிலின் தலைமாட்டில், அசையாமல் நின்றது.